ஆறு மணி நேரக் கணக்கு: சிங்கப்பூர்க் கல்வியில் சமூக சேவை வந்த கதை



"டீச்சர், இன்னிக்கு எத்தனை மணி நேரம் போடுவீங்க?"

சிஐபி காலத்தில் வகுப்பெடுத்த யாரும் இந்தக் கேள்வியை மறந்திருக்க மாட்டார்கள். ஒருமுறை தீபாவளிக்கு முந்திய வாரத்தில் உயர்நிலை இரண்டு மாணவர்களை ஒரு தாதிமை இல்லத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். பிள்ளைகள் பாடினார்கள், முறுக்குப் பொட்டலம் கொடுத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். கிளம்பும் நேரத்தில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு தாத்தா சொன்னார்: "தம்பிங்களா, இந்த வாரத்துல நீங்க மூணாவது ஸ்கூல். நல்லாதான் பாடுறீங்க. தீபாவளி முடிஞ்சா யாராச்சும் வருவீங்களா?"

மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை எல்லாருடைய படிவத்திலும் மூன்று மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. சேவையைக் கல்வியோடு ஏன் சேர்த்தார்கள்? யார் சேர்த்தார்கள்? மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது, ஏன் கைவிடப்பட்டது? சமூகவியல் பாடம் எழுதும் மாணவர்களுக்கும், தமிழ்க் கட்டுரையிலும் வாய்மொழித் தேர்விலும் "சமூக சேவையைக் கட்டாயமாக்கலாமா?" என்ற கேள்வியைச் சந்திப்பவர்களுக்கும் இந்த வரலாறு உதவும். ஆசிரியர்களான நமக்கும் இதில் யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

1. முதலில் கொடுத்தது சமூகம்

பல்கலைக்கழகம் சமூகத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், சமூகம் பல்கலைக்கழகத்துக்கு என்ன செய்தது என்று பார்ப்போம்.

ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் உருவானது. அங்கே இந்தியவியல் துறை வரப்போகிறது என்றதும், அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று நம்மவர்கள் குரல் எழுப்பினார்கள். கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு முன்னின்றது. "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் நிதி திரட்டினார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள் அல்ல. துறைமுகத்திலும் தோட்டத்திலும் நகராட்சியிலும் உழைத்தவர்கள், கடைச் சிப்பந்திகள், பள்ளி ஆசிரியர்கள். தங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலை மிதிப்பார்களா என்பதுகூட அவர்களில் பலருக்குத் தெரியாது. 1956ல் இந்தியவியல் துறை தொடங்கியது.

சேவைக் கல்வியின் வரலாற்றை நான் இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பட்டதாரி சமூகத்துக்குச் செய்வது தர்மம் அல்ல, கடனைத் திருப்பிக் கொடுப்பது. இந்தக் கருத்தை மாணவர்களிடம் சொல்ல, நம் வரலாற்றிலேயே இப்படியொரு சான்று இருக்கிறது.

2. "கட்டாயம்" என்ற சொல்லின் இரண்டு முகங்கள்

அடுத்தது 1954. பிரிட்டிஷ் காலனி அரசு தேசிய சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்து, 18 முதல் 20 வயது வரையுள்ள இளைஞர்களைப் பதிவு செய்யச் சொன்னது. சீன உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எதிர்த்தார்கள். போரினால் படிப்பு தடைப்பட்டு, அந்த வயதிலும் பள்ளியில் இருந்தவர்கள் அவர்களில் பலர். ஓட்டுரிமைகூட முழுமையாக இல்லாத நாட்டில், அந்நிய ஆட்சியைக் காக்க நாங்கள் ஏன் ஆயுதம் ஏந்த வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. மே 13ஆம் தேதி காவல்துறையோடு மோதல் ஏற்பட்டது. மாணவர்கள் பலர் காயமடைந்தார்கள், பலர் கைதானார்கள்.

பதின்மூன்று ஆண்டு கழித்து, சுதந்திரச் சிங்கப்பூரில் அதே சொல் திரும்ப வந்தது. 1967 மார்ச் 14ஆம் தேதி நாடாளுமன்றம் தேசிய சேவைத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. 1949ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் பிறந்த சுமார் 9,000 ஆண்கள் முதல் பதிவுக்கு அழைக்கப்பட்டார்கள். இந்த முறை தெருவில் கலவரம் இல்லை.

ஏன்? தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் "அரசு கண்டிப்பாக இருந்தது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1954ல் சேவை கேட்டது யாரோ ஒருவருடைய அரசு. 1967ல் கேட்டது தாங்களே ஓட்டுப்போட்டு அமைத்த அரசு. மலேசியாவிலிருந்து பிரிந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத சிறிய நாடு, பாதுகாப்புக்கு வேறு வழி இல்லை என்பதும் கண்முன்னே தெரிந்தது. யாருக்காகச் செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்பது புரிந்தால் கட்டாயத்தையும் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். புரியாவிட்டால் எதிர்க்கிறார்கள், இல்லையென்றால் ஒப்புக்குச் செய்கிறார்கள். இந்த வேறுபாட்டை மனசுல வச்சுக்குங்க. கட்டுரை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

3. வகுப்பறைக்குள் வந்த குடியியல்

தேசிய சேவை ஆண்களுக்கு, அதுவும் 18 வயதுக்குப் பிறகு. பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது? அதற்குப் பாடங்கள் வந்தன. 1970களில் "வாழ்க்கைக் கல்வி" என்ற பாடம் தொடக்கப் பள்ளிகளில் குடியியல், வரலாறு, புவியியல் மூன்றையும் சேர்த்துத் தந்தது. அதைத் தாய்மொழியில் கற்பித்தார்கள். 1976ல் "உங்கள் கைகளைப் பயன்படுத்துங்கள்" இயக்கம் வந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளியைக் கூட்டித் துடைத்தார்கள். 1979ல் ஓங் டெங் சியோங் தலைமையில் நன்னெறிக் கல்வி பற்றிய அறிக்கை வெளியானது. அதன் தொடர்ச்சியாக 1980களில் தொடக்கப் பள்ளிகளுக்கும் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் தனித்தனி நன்னெறிப் பாடத்திட்டங்கள் வந்தன. உயர்நிலை மேல்வகுப்புகளில் சமய அறிவுப் பாடம் சில ஆண்டுகள் இருந்து, தசாப்த முடிவில் கட்டாயப் பாடம் என்ற நிலையை இழந்தது. அதன் இடத்துக்குக் குடியியல், நன்னெறிக் கல்வி வந்தது.

தமிழாசிரியர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் இந்தப் பாடங்களில் பெரும்பகுதி தாய்மொழியில்தான் நடந்தது. ஆகவே பல தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு "குடிமகன்" என்ற சொல்லின் பொருளை முதலில் சொல்லிக்கொடுத்தவர் தமிழாசிரியர். மொழிப் பாடம் மட்டும்தான் நம்ம வேலை என்று யாராவது சொன்னால், வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

ஆனால் இவை எல்லாம் பெரும்பாலும் புத்தகப் பாடங்கள். பள்ளி வேலியைத் தாண்டிப் போய்ச் செய்யும் சேவை, சாரணர், செஞ்சிலுவை, புனித ஜான் முதலுதவிப் படை போன்ற சீருடை அமைப்புகளில் இருந்தவர்களுக்குத்தான் வாய்த்தது.

4. 1997: ஆறு மணி நேரம்

1996 ஆசிரியர் தினக் கூட்டத்தில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங், நம் இளையர்களுக்கு நாட்டின் அண்மைக்கால வரலாறு தெரியவில்லை என்ற கவலையைச் சொன்னார். மறு ஆண்டு மே 17ஆம் தேதி, அன்றைய துணைப் பிரதமர் லீ சியன் லூங் தேசியக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்த அலையில் வந்ததுதான் சமூக ஈடுபாட்டுத் திட்டம், எல்லாருக்கும் தெரிந்த பெயரில் சொன்னால் சிஐபி. தொடக்கநிலை 4 முதல் தொடக்கக் கல்லூரி வரை, ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்குக் குறைந்தது 6 மணி நேரம் சேவை செய்ய வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு 6 மணி நேரம் என்றால் மாதத்துக்கு அரை மணி. தொடக்கப் பள்ளியில் மூன்று ஆண்டு, உயர்நிலையில் நான்கு, தொடக்கக் கல்லூரியில் இரண்டு, ஆக ஒன்பது ஆண்டு. ஒன்பதை ஆறால் பெருக்கினால் 54 மணி நேரம். இரண்டு நாளும் ஒரு காலைப்பொழுதும்.

இந்தத் திட்டத்தைக் கேலி செய்வது எளிது. ஆனால் அதன் நன்மையை மறைக்கக் கூடாது. அதற்கு முன் தாதிமை இல்லத்தின் உள்ளே கால் வைக்காத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளே போனார்கள். கொடி தினத்தில் உண்டியல் ஏந்தி எம்ஆர்டி வாசலில் நின்று, நூறு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டார்கள். தானாக வந்திருக்க மாட்டோம், வந்த பிறகு பிடித்துப்போனது என்று சொல்லும் பழைய மாணவர்களை நீங்களும் சந்தித்திருப்பீர்கள்.

குறை வேறு இடத்தில் இருந்தது. எதை எண்ணுகிறோமோ அதைத்தான் மாணவர்கள் செய்வார்கள். மணியை எண்ணினோம், மணி கிடைத்தது. அந்தத் தாத்தாவுக்கு வேண்டியது தீபாவளிக்குப் பிறகும் வரும் ஒருவர். அதை எண்ணுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

5. பல்கலைக்கழகத்தின் முறை

2000ல் தொடங்கிய சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், பட்டம் பெற வேண்டுமானால் 80 மணி நேரம் சமூக சேவை செய்திருக்க வேண்டும் என்ற விதியை வைத்தது. தேர்வில் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் சரி, அது இல்லாமல் பட்டம் இல்லை. தேசியக் கல்விக் கழகத்திலும், ஆசிரியராகப் பயிற்சி பெறுபவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு சேவைக் கற்றல் திட்டத்தை முடிக்கும் நடைமுறை 2000களின் நடுப்பகுதியில் வந்தது. இதைப் படிக்கும் இளம் ஆசிரியர்கள் பலர் அதைச் செய்து முடித்தவர்களாகவே இருப்பீர்கள்.

இருபது ஆண்டு கழித்து இன்னொரு மாற்றம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 2021 கல்வியாண்டில் தன் பொதுக்கல்விப் பாடங்களில் சமூக ஈடுபாட்டை ஒரு தனித் தூணாக வைத்தது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது, தனித்து வாழும் முதியோரோடு பழகுவது போன்றவை அதில் பாடங்களாகவே வந்தன. விரிவுரை உண்டு, களப்பணி உண்டு, மதிப்பீடும் உண்டு.

இரண்டுக்கும் வேறுபாடு தெரிகிறதா? முதல் முறையில் சேவை பட்டத்துக்கு வெளியே நிற்கும் நிபந்தனை. இரண்டாவதில் சேவையே பாடம். ஒரு முதியவர் ஏன் தனியாக இருக்கிறார், வீடமைப்பும் வருமானமும் குடும்ப அளவும் அதில் எப்படிச் சம்பந்தப்படுகின்றன என்று படித்துவிட்டுத்தான் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார் மாணவர்.

6. பிலிப்பீன்ஸும் இந்தியாவும்

ஒப்பீடு இல்லாமல் வரலாற்றுக் கட்டுரை முழுமை பெறாது. இரண்டு நாடுகளைப் பார்ப்போம்.

பிலிப்பீன்ஸில் 1935ஆம் ஆண்டின் தேசியத் தற்காப்புச் சட்டத்திலிருந்தே கல்லூரி ஆண் மாணவர்களுக்குப் படைப்பயிற்சி கட்டாயம். 2001ல், தன் பல்கலைக்கழகத்தின் பயிற்சிப் பிரிவில் நடந்த ஊழலை வெளிப்படுத்திய ஒரு மாணவர் மணிலாவில் கொல்லப்பட்டார். அவர் உடல் பாசிக் ஆற்றில் கிடைத்தது. மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். அதன் விளைவாக 2002 ஜனவரியில் குடியரசுச் சட்டம் 9163 கையெழுத்தானது. அந்தச் சட்டப்படி பட்டப் படிப்பு மாணவர்கள், ஆண் பெண் இருபாலரும், மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: படைப்பயிற்சி, எழுத்தறிவுப் பயிற்சிச் சேவை, குடிமை நலச் சேவை. இரண்டு பருவம் செய்ய வேண்டும். ஒரு பருவத்துக்கு 54 முதல் 90 மணி நேரம். நம் சிஐபி ஒன்பது ஆண்டில் கேட்டதை அங்கே ஒரே பருவத்தில் கேட்கிறார்கள்!

இந்தியாவில் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24ஆம் தேதி, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வந்த ஆசிரியர்களிடம் "என்எஸ்எஸ் கேம்ப்" என்று சொல்லிப் பாருங்க, முகம் மலரும். ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டுக்கு 240 மணி நேரம். அதோடு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். "நான் அல்ல, நீங்கள்" என்ற பொருள் தரும் வாசகம்தான் அதன் குறிக்கோள். பொதுவாக அதில் சேருவது மாணவரின் விருப்பம்.

மூன்று நாடு, மூன்று வழி. பிலிப்பீன்ஸில் கட்டாயம் உண்டு, ஆனால் எதைச் செய்வது என்பதில் தேர்வு உண்டு. இந்தியாவில் சேருவது விருப்பம், சேர்ந்தால் நீண்ட உழைப்பு. சிங்கப்பூரில் தற்காப்பைத் தேசிய சேவையாகத் தனியே பிரித்துவிட்டு, சமூக சேவையைப் பள்ளியில் சிறு வயதிலேயே சிறு அளவில் எல்லாருக்கும் கொடுத்தார்கள்.

7. 2012: கடிகாரத்தைக் கழற்றியபோது

ஹெங் சுவீ கியட் கல்வி அமைச்சராக இருந்தபோது, 2012ல் சிஐபி மாற்றப்பட்டது. அதன் இடத்தில் வந்தது "வேல்யூஸ் இன் ஆக்‌ஷன்", விழுமியங்களைச் செயலில் காட்டும் திட்டம். மணி நேரத்துக்குப் பதிலாக மாணவர் என்ன கற்றார் என்பதற்கு முதலிடம். சுற்றுப்புறத்தில் ஒரு தேவையைக் கண்டுபிடி, அதைப் பற்றித் தெரிந்துகொள், திட்டமிடு, செய், பிறகு உட்கார்ந்து நினைத்துப் பார் என்பதே வரிசை.

ஆனால் கணக்கு முழுவதும் போய்விட்டதா? இல்லை. 2014ல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு வந்த லீப்ஸ் 2.0 மதிப்பீட்டில் பங்கேற்பு, சேவை, தலைமைத்துவம், சாதனை என்று நான்கு பிரிவு. சேவைப் பிரிவில் மணி நேரத்துக்கும் மதிப்பு உண்டு, திட்டப்பணிக்கும் மதிப்பு உண்டு. கதவு வழியாகப் போன கடிகாரம் சன்னல் வழியாகக் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். எல்லாப் பிள்ளைகளையும் நியாயமாக மதிப்பிட ஏதோ ஓர் அளவுகோல் வேண்டும் என்ற நிர்வாகத் தேவையும் உண்மையானதுதான். அதை நாம் மறுக்க முடியாது.

8. லிட்டில் இந்தியா ஒரு வகுப்பறை

இதைக் களத்தில் காட்ட நமக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையில் ஒரு நடை நடந்தால் போதும்.

நாரிஸ் ரோட்டில் ராமகிருஷ்ணா மிஷன் 1930களில் விவேகானந்தர் பெயரிலும் சாரதாமணி தேவியார் பெயரிலும் தமிழ்ப் பள்ளிகளை நடத்தியது. அரசு உதவி குறைவாக இருந்த காலத்தில், ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு கிடைத்தது இப்படிப்பட்ட தொண்டால்தான். அதே வட்டாரத்தில் கஃப் ரோட்டின் பெயரைத் தாங்கிய உணவுத் திட்டம் 2008ல் தொடங்கியது. வேலையில் காயம்பட்டும் சம்பளம் கிடைக்காமலும் வழக்கு முடியக் காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு, டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு சாப்பாடு கொடுத்தது. தொண்டூழியர்கள் சாப்பாட்டுச் சீட்டு கொடுப்பதோடு நிறுத்தாமல், ஊழியர்களின் கதையையும் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள்.

அங்கே பேசப்படும் மொழிகளில் ஒன்று தமிழ். 2020 ஏப்ரலில் கொவிட் தங்குவிடுதிகளைத் தாக்கியபோது இதன் அருமை ஊருக்கே புரிந்தது. மருத்துவரும் நோயாளியும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தமிழும் வங்காளமும் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். வகுப்பில் "தமிழ் படிச்சு என்ன பிரயோஜனம்?" என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நேரான பதில் வேண்டாம். "நெஞ்சு அடைக்குது" என்று ஒருவர் சொல்வதைச் சரியாக மொழிபெயர்ப்பதும் சேவைதான், தமிழ்ப் பாடமும்தான்.

கல்வி உதவியிலும் அப்படியே. இந்திய மாணவர்களின் தேர்ச்சி பற்றிய கவலையால் 1991ல் சிண்டா உருவானது. அதன் துணைப்பாட வகுப்புகளில் படித்தவர்களில் சிலர் வளர்ந்து, பின்னால் தாங்களே தொண்டூழியர்களாகத் திரும்பி வந்தார்கள். இவர்களை எந்தப் படிவமும் அழைத்து வரவில்லை. முதலில் பெற்றார்கள், பிறகு கொடுத்தார்கள். 1950களில் "தமிழ் எங்கள் உயிர்" நிதிக்குக் காசு கொடுத்தவர்கள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

9. தேர்வு எழுதுபவர்களுக்கு

"சமூக சேவையைக் கட்டாயமாக்க வேண்டுமா?" என்று கேட்டால் உடனே ஆம், இல்லை என்று தாவாதீர்கள். மூன்று படியாகப் பிரித்து எழுதுங்கள்.

முதல் படி, கட்டாயத்தின் நன்மை. வீட்டில் வழிகாட்ட ஆள் இல்லாத பிள்ளைக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. சான்று: 1997ன் சிஐபி.

இரண்டாம் படி, கட்டாயத்தின் ஆபத்து. நோக்கம் புரியாதபோது எதிர்ப்பு வரும், அல்லது ஒப்புக்குச் செய்வார்கள். கண்காணிப்பு இல்லாவிட்டால் முறைகேடும் வரும். சான்று: 1954 போராட்டம், பிலிப்பீன்ஸ் 2001.

மூன்றாம் படி, இரண்டையும் இணைக்கும் வழி. கட்டாயம் இருக்கட்டும், ஆனால் எதைச் செய்வது என்பதில் தேர்வும், செய்வதற்கு முன் படிப்பும், செய்த பின் சிந்தனையும் வேண்டும். சான்று: சட்டம் 9163ன் மூன்று பிரிவுகள், 2012 மாற்றம், 2021ன் பல்கலைக்கழகப் பாடங்கள்.

சொந்தக் கருத்தை முடிவில் வையுங்கள். எந்தப் பக்கம் நின்றாலும் சரி, சான்றோடு நில்லுங்கள்.

வகுப்பில் விவாதிக்க மூன்று கேள்விகள்:

அ) 1954லும் 1967லும் "தேசிய சேவை" என்ற ஒரே சொல்லுக்கு மக்களின் பதில் ஏன் வேறுபட்டது?

ஆ) ஒரு சேவைத் திட்டம் வெற்றி பெற்றதா என்பதை யாரிடம் கேட்க வேண்டும்? செய்த மாணவரிடமா, ஆசிரியரிடமா, பெற்றவரிடமா?

இ) உங்கள் தமிழறிவு யாருக்காவது இந்த மாதமே உதவும் என்றால், அவர் யார்? எங்கே இருக்கிறார்?

இரண்டாவது கேள்விக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை ஆண்டுகளில் வந்த திட்டங்கள் பெரும்பாலும் மாணவரைத்தான் மதிப்பிட்டன. பெற்றவரிடம் கேட்கும் பழக்கம் நமக்கு இன்னும் முழுமையாக வரவில்லை. அந்தத் தாத்தா கேட்டது குறையல்ல, ஒரு மதிப்பீடு. அதை எழுதிவைக்க என் படிவத்தில் இடமில்லாமல் போனது.

இப்போதெல்லாம் எங்காவது மாணவர்களை அழைத்துப் போகும் முன்பு, அந்த இடத்துக்கு ஒரு போன் போட்டு, "எந்த மாசத்துல யாரும் வர்றதில்ல?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் கிடைக்கும் பதில், பண்டிகைக்கு அடுத்த மாதம். அந்த மாதத்தில்தான் நாங்கள் போகிறோம்.